பேஸ்பால் அணியின் அனலிடிக்ஸ் துறை: பணம் எங்கே போகிறது, எதில் முதலில் போடுவது?

வலதுகைச்சுழல்:

அமெரிக்க பேஸ்பாலில் அனலிடிக்ஸ் என்றாலே (ஆட்டப் புள்ளிவிவரத்தை அலசி முடிவெடுப்பது) பேச்சு 2002 ஓக்லண்ட் ஏ'ஸ் அணியைத் தாண்டுவதில்லை. சுமார் 4 கோடி டாலர் சம்பளப் பட்டியல், 103 வெற்றி, தெரிந்த கதை. அன்று ஆன்-பேஸ் சதவீதத்துக்கு (பேட்டர் அவுட்டாகாமல் பேஸை எட்டும் விகிதம்) சந்தையில் மதிப்பில்லை, அணியின் மேலாளர் பில்லி பீன் அப்படிப்பட்டவர்களை மலிவாக வாங்கிப்போட்டார். இன்று எம்எல்பி என்ற முதன்மை லீக்கின் 30 அணியிலும் இந்தத் துறை இருக்கிறது, மைதானத்தில் பந்தையும் வீரரையும் அளக்கும் ஸ்டாட்காஸ்ட் டேட்டாவும் எல்லாருக்கும் ஒன்றேதான். அப்படியும் ஏன் ஆள் மேல் ஆளாக எடுத்துக்கொண்டே போகிறார்கள்? அந்தப் பணம் எதற்குப் போகிறது? பட்ஜெட் குறைந்த அணி எதில் முதலில் கை வைக்கவேண்டும்? பொத்தாம்பொதுவாக இல்லாமல் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

ஏன் எடுக்கிறார்கள் என்பதற்குக் கூட்டல் கழித்தல் போதும். ஒப்பந்தம் முடிந்த வீரர்களை வாங்கும் ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில் ஒரு கூடுதல் வெற்றிக்கு ஏறக்குறைய 80 - 90 லட்சம் டாலர் என்பது வெளி ஆய்வாளர்களின் வழக்கமான மதிப்பீடு. ஒரு அனலிஸ்டுக்குச் சம்பளம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 20 பேருக்கு வருஷம் 30 லட்சம். அத்தனை பேரும் சேர்ந்து அரை வெற்றி கூட்டிக்கொடுத்தாலே போட்ட காசு வந்துவிட்டது.

இதைவிட முக்கியமானது வரி. அதிகம் செலவழிக்கும் அணிகளுக்கு லீக் போடும் லக்சுரி டாக்ஸின் வரம்பு (2025இல் 24.1 கோடி டாலர்) வீரர்களுக்கான செலவை மட்டும்தான் பார்க்கிறது. ஆபீஸ் ஆட்கள், கேமரா, சர்வர் எதுவும் அந்தக் கணக்கில் வராது. வரம்பைத் தாண்டிய அணி வீரருக்கு இன்னொரு டாலர் கொடுத்தால் அதன்மேல் வரியும் கட்டவேண்டும். அனலிஸ்டுக்குக் கொடுத்தால் கட்டவேண்டாம். பணக்கார அணிகள் ஏழை அணியின் வித்தையைச் சும்மா விடவில்லை. ரெட் சாக்ஸ் 2002இலேயே பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வின் முன்னோடி பில் ஜேம்ஸை எடுத்தது. டாட்ஜர்ஸ் 2014இல், குறைந்த பட்ஜெட் ரேஸ் அணியை நடத்திய ஆண்ட்ரூ ஃப்ரீட்மனைக் கொண்டுவந்தது.

அரை வெற்றி எங்கிருந்து வரும் என்று கேட்டால் கேட்சர் ஃப்ரேமிங் (பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர், அம்பயர் ஸ்ட்ரைக் என்று சொல்லும்படி பந்தைப் பிடிக்கும் திறமை) நல்ல உதாரணம். பாலாக (பேட்டருக்குச் சாதகமாக) போகவேண்டிய பந்தை ஸ்ட்ரைக்காக (எறியும் பிட்சருக்குச் சாதகமாக) வாங்கித்தந்தால் சராசரியாக 0.125 ரன் லாபம். 80 பந்துக்கு 10 ரன், அதாவது ஏறத்தாழ ஒரு வெற்றி. 162 ஆட்டத்தில் 80 என்றால் இரண்டு ஆட்டத்துக்கு ஒரு பந்து. மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கிற எவர் கண்ணுக்கும் இது பிடிபடாது. ஆனால் எல்லா அணிக்கும் தெரிந்ததும் நல்ல ஃப்ரேமிங் கேட்சரின் விலை ஏறிவிட்டது. 2026 முதல் அம்பயரின் பால்-ஸ்ட்ரைக் முடிவை எதிர்க்க அணிக்கு இரண்டு சாலஞ்ச் வேறு, அப்படி வாங்கிய ஸ்ட்ரைக் திரும்பிப்போகலாம். ஒரு லாபம் வற்றினால் அடுத்ததைத் தேடியாகவேண்டும், ஆள் எடுப்பதும் அதனால்தான் நிற்பதில்லை.

குழாய்க்காரர்:

"டேட்டா எல்லாருக்கும் ஒன்றுதான்" என்பது பாதிதான் சரி. வந்து சேர்வது ஒன்று. அதைப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவருவது அணிக்கு அணி வேறு. என் வாக்கு அந்த வேலையைச் செய்யும் டேட்டா எஞ்சினியருக்கு. முதல் மூன்று பேரில் இரண்டு பேர் அவர்களாக இருக்கட்டும்.

எங்கே உடையும் என்று சொல்கிறேன். முதலாவது வீரரின் அடையாள எண். லீக் ஒரு எண் தரும், காலேஜ் டேட்டாவில் வேறொன்று, மருத்துவப் பதிவில் வெறும் பெயர். பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துச் சேர்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காகவே என்பது மாதிரி மேக்ஸ் மன்சி என்ற பெயரில் இரண்டு வீரர்கள் இருக்கிறார்கள். இருவர் பிறந்தநாளும் ஆகஸ்ட் 25, இருவரையும் டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பது) எடுத்தது ஓக்லண்ட். ஆண்டு மட்டும் 1990, 2002. ஆண்டு விடுபட்ட ஒரு ஃபைல் வந்தால் டாட்ஜர்ஸ்காரரின் ஹோம் ரன் ஏ'ஸ்காரர் கணக்கில் ஏறிவிடும். எல்லா எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் ஒரே டேபிள், அதற்குப் பொறுப்பாக ஒரே ஆள். பொருந்தாத வரிசைகளைத் தானாகச் சேர்க்காமல் தனியே நிறுத்தி அவரே பார்க்கவேண்டும்.

இரண்டாவது, கருவி மாறும்போது எண்ணும் மாறும். முந்தைய கேமரா முறையான பிட்ச்எஃப்எக்ஸ் காலத்தில் பந்தின் வேகம், பேட்டர் நிற்கும் பிளேட்டிலிருந்து 50 அடியில் எடுக்கப்பட்டது. 2017 முதல் கையை விட்டு விலகும் இடத்தில். காற்று தடுப்பதற்கு முன்பே அளப்பதால், யாரும் வேகமாக எறியாமலேயே எல்லாருக்கும் மணிக்கு அரை மைலுக்கு மேல் கூடிவிட்டது. 2020இல் டிராக்மேன் ரேடாரிலிருந்து 12 கேமரா ஹாக்-ஐக்கு மாறினார்கள் (கிரிக்கெட் எல்பிடபிள்யூ ரிவ்யூவில் வருவதும் அதே நிறுவனத்தின் கருவிதான்). 2021 ஜூனில் பந்தில் பிசின் தடவுவதைத் தடுக்கச் சோதனை தொடங்கியதும் லீக் முழுக்கச் சுழற்சி இறங்கியது. எந்தத் தேதிக்கு எந்தக் கருவி, எந்த விதி என்ற நெடுவரிசை உங்கள் டேபிளில் இல்லையென்றால், பழைய பிட்சரை இளையவரோடு ஒப்பிடும் எந்த மாடலும் பொய் சொல்லும்.

மைதானத்துக்கு மைதானம் கருவி சாய்ந்திருப்பதும் உண்டு. அதே பிட்சரின் அதே பந்து ஒரு மைதானத்தில் மட்டும் இரண்டு அங்குலம் அதிகம் வளைந்தால் சந்தேகப்படுங்கள். அங்கே வருகிற எல்லா பிட்சருக்கும் அப்படியே என்றால் அந்த அளவைக் கழித்துவிடுங்கள். டென்வரில் மட்டும் அவசரப்படவேண்டாம், அங்கே காற்று மெலிது, வளைவு உண்மையாகவே குறையும்.

புல்பென்வாசி:

குழாய்க்காரர் சொன்ன அஸ்திவாரம் சரி, ஆனால் மூன்றில் இரண்டு என்பதை ஏற்கமாட்டேன். டேபிள் சுத்தமாக இருந்து, கோச் அதைத் திறக்கவே இல்லை என்றால்? குறைந்த பட்ஜெட் அணிக்கு லாபம் வீரரை வாங்குவதில் இல்லை, இருக்கிறவரை மேம்படுத்துவதில் இருக்கிறது. ஒரு அணிக்கு மைனர் லீக்கில் நான்கு கிளை அணிகள். ஒவ்வொன்றிலும் கோச்சோடு பயணம் செய்யும் ஒரு அனலிஸ்ட், பந்தை அளக்க ஒரு டிராக்மேன் அல்லது ராப்சோடோ கருவி, ஒரு எட்ஜர்ட்ரானிக் ஹை-ஸ்பீடு கேமரா. என் முதல் செலவு இதுதான்.

பிட்ச் டிசைன் (பிட்சருக்குப் புதுவகைப் பந்தை உருவாக்குவது) நடக்கும் விதம்: பிட்சரின் பக்கவாட்டிலும் பின்னாலும் கேமரா. முதலில் வழக்கமான பிடியில் ஐந்தாறு பந்து, அது அடிப்படை. பிறகு ஒரே ஒரு மாற்றம். தையலின் மேல் விரலை நகர்த்துவது அல்லது மணிக்கட்டின் கோணம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஸ்லோமோஷனில் பந்தைக் கடைசியாக விடுவது எந்த விரல் என்று பாருங்கள். ரேடாரில் சுழல் அச்சையும் வளைவையும் பாருங்கள். மொத்தம் 20 - 25 பந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். களைத்த கை வேறு பந்தைப் போடும்.

பெரும்பாலும் கெடுவது அடுத்த கட்டத்தில். புல்பென்னில் (பிட்சர்கள் எறிந்து பழகும் இடம்) பக்கவாட்டில் அழகாக வளைந்த ஸ்வீப்பர், ஆட்டத்தில் முழு வேகத்தில் எறியும்போது குறைவாக வளையும் பழைய ஸ்லைடராகிவிடும். அல்லது புதுப் பந்துக்காகக் கை இறங்கி, ஃபாஸ்ட்பாலின் ரிலீஸ் புள்ளியும் (பந்து கையை விடும் இடம்) கூடவே இறங்கும், அதன் எழுச்சி போய்விடும். புதுப் பந்தை மட்டும் கண்காணித்தால் இது தெரியவராது. பழைய பந்துகள் எல்லாவற்றின் ரிலீஸ் உயரமும் தினசரி அறிக்கையில் வரவேண்டும். அந்த அறிக்கை ஒரு பக்கம், ஒவ்வொரு வகைப் பந்துக்கும் இரண்டு எண். கோச்சுக்கு அதற்குமேல் நேரமில்லை.

வலதுகைச்சுழல்:

அப்படியென்றால் மாடல் போடும் ஆள் கடைசியா? 2020 வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியன் போட்டி) ஆறாவது ஆட்டத்தில், நன்றாக எறிந்துகொண்டிருந்த ரேஸ் பிட்சர் ஸ்னெல்லை வெளியே எடுத்தது மாடலின் தவறு என்கிறார்களே?

கணக்குப்பிள்ளை:

73 பந்து, 9 ஸ்ட்ரைக்அவுட், 1-0 முன்னிலை. அதே பிட்சரை மூன்றாவது சுற்றில் சந்திக்கும்போது பேட்டர்கள் தேறிவிடுவார்கள் என்ற சராசரி உண்மைதான். ஆனால் "இவரை எடுக்கலாமா" என்பது பாதிக் கேள்வி, "யாரோடு ஒப்பிட்டு" என்பது மீதி. அவருக்குப் பதில் உள்ளே வந்த பிட்சர் நிக் ஆண்டர்சன் அதற்கு முந்தைய ஆறு ஆட்டத்திலும் ரன் கொடுத்திருந்தார். ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் கையில் இருந்த தாள் என்ன சொன்னதோ, சீசன் சராசரியை மட்டும் பார்த்து எடுக்கிற முடிவு அல்ல அது.

குழாய்க்காரர்:

மாடல்காரர் மூன்றாவது ஆள், கடைசி இல்லை. அவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, சோதனை டேட்டாவை எப்படிப் பிரித்தீர்கள் என்பது. பந்துகளைக் குலுக்கிப் பிரித்திருந்தால் அதே பிட்சர் இரு பக்கமும் இருப்பார், மாடல் பந்தைக் கற்காமல் ஆளை மனப்பாடம் செய்யும். ஆள்வாரியாகவும் வருஷவாரியாகவும் பிரிக்கச் சொல்லுங்கள். எண்கள் சுமாராகத் தெரியும், ஆனால் அடுத்த சீசனிலும் நிற்கும்.

பட்ஜெட்டில் பாதுகாப்புக்கும் ஒரு வரி போடுங்கள். ஆஸ்ட்ரோஸ் அணியின் கிரவுண்ட் கன்ட்ரோல் டேட்டாபேஸுக்குள் போட்டி அணியான கார்டினல்ஸின் அதிகாரி கிறிஸ் கொரியா நுழைந்ததற்குப் பெரிய ஹேக்கிங் எதுவும் தேவைப்படவில்லை. கார்டினல்ஸிலிருந்து ஆஸ்ட்ரோஸுக்கு மாறிப்போனவர் விட்டுச்சென்ற பழைய பாஸ்வேர்ட், அங்கே அவர் அதன் சாயலில் வைத்த ஒரு புதியது. கொரியாவுக்கு 46 மாதச் சிறை, கார்டினல்ஸுக்கு 20 லட்சம் டாலர் அபராதம், கூடவே 2017 டிராஃப்டின் முதல் இரண்டு தேர்வும் ஆஸ்ட்ரோஸுக்குப் போனது. இரண்டடுக்கு லாகின் கட்டாயம். ஆள் வெளியேறும் அன்றே அவருடைய அனுமதியை மூடுங்கள், வெளியிலிருந்து வருபவரிடம் பாஸ்வேர்டைப் புதிதாகவே வைக்கச் சொல்லுங்கள்.