பின்டயர் மாற்றியதிலிருந்து எண்பதுக்கு மேல் வண்டி ஆடுகிறது. ஞாயிறன்று மூணாறு போக வேண்டும், உதவுங்கள்

வில்லாபுரத்தான் | வியாழன், இரவு 10.42

அனைவருக்கும் வணக்கம். செவ்வாய்க்கிழமை பின்டயரை மாற்றினேன். அன்றிலிருந்து நான்குவழிச் சாலையில் எண்பதைத் தாண்டினால் வண்டி ஆடத் தொடங்குகிறது. எழுபதுக்குக் குறைத்தால் அடங்கிவிடுகிறது. நேற்று மாலை கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டித் திருமங்கலம் போகும் வழியில் ஒரு லாரியை முந்தப்போய், ஹேண்டிலை எவ்வளவு அழுத்திப் பிடித்தும் ஆட்டம் நிற்காமல், ஓரங்கட்டிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு அதிகாலையில் தேனி, போடிமெட்டு வழியாக மூணாறு போவதாக வீட்டில் சொல்லியாயிற்று. அறைக்குப் பணமும் கட்டியாயிற்று. டயர் சரியில்லையா, போட்டவர் சரியில்லையா? கடையில் கேட்டால் புது டயர் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்கிறார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

திருநகர்க்காரி | வியாழன், இரவு 10.58

என்ன வண்டி? என்ன அளவு டயர்? டியூப் உள்ளதா, இல்லாததா? ஆடுவது ஹேண்டிலா, பின்பக்கமா? பின்னால் ஆள் இருந்தாரா, பெட்டி இருந்ததா? எல்லாவற்றுக்கும் முதலாக, காற்று எவ்வளவு இருக்கிறது? இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் டயரா, போட்டவரா என்று கேட்டால் நாங்கள் சீட்டுக் குலுக்கித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூத்தசவாரி | வியாழன், இரவு 11.20

இதே கேள்விக்குக் குறைந்தது பத்து முறையாவது நான் விரிவாக விடை எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பழைய இழைகளைப் படிப்பதில்லை என்பதால் பதினோராவது முறையாகவும் எழுதுகிறேன். வேகத்தில் வண்டி ஆடினால் நூற்றுக்குத் தொண்ணூறு கோன் செட்தான், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்துக்குள் இருக்கும் பேரிங். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இடம் வலமாகத் திருப்பினால், நடுவில் ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் தட்டி நிற்கும். அப்படி நின்றால் கோன் செட் தேய்ந்துவிட்டது என்று பொருள். டயரைக் குறை சொல்வதற்கு முன் வண்டியை அறிந்துகொள்ளப் பழகுங்கள், தம்பி.

வில்லாபுரத்தான் | வெள்ளி, காலை 7.05

பெயரைச் சொன்னால் இங்கே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை வந்துவிடும் என்பதால் வண்டியின் பெயரைச் சொல்லவில்லை. நானூறு சிசி பயண வண்டி, ஸ்போக் சக்கரம், டியூப் டயர், முன்னால் 21 அங்குலம், பின்னால் 17. நான்கு மாதங்களுக்கு முன் பழைய வண்டியாக வாங்கினேன். கம்பெனி போட்டிருந்தது 120/90-17. கொஞ்சம் அகலமாக இருக்கட்டும் என்று 130/80-17 போட்டேன். ஆடுவது பின்பக்கம் என்றுதான் நினைக்கிறேன். பின்னால் பெட்டி உண்டு. காற்று சரியாகத்தான் இருக்கும், கடையில் அடித்ததுதானே.

பழங்காநத்தம் பட்டறை | வெள்ளி, காலை 8.31

தம்பி, "சரியாகத்தான் இருக்கும்" என்ற சொல்லை நம்பித்தான் பாதிப் பேர் என் பட்டறைக்கு வருகிறார்கள்.

முதலில் ஆட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். அறுபதிலிருந்து ஐம்பதுக்கு வேகம் தானாகக் குறையும்போது, ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்தால் வெடவெடவென்று உதறுகிறதென்றால், அது முன்பக்கத்து நோய். கோன் செட், முன்டயர், முன்சக்கர பேரிங் என்று தேட வேண்டும். எண்பதுக்கு மேல் வண்டி முழுவதும் விநாடிக்கு இரண்டு மூன்று முறை என்ற கணக்கில் மீன் வால் போல மெதுவாக அலைகிறதென்றால், அது பின்பக்கத்து நோய். காற்று, சுமை, சக்கரம் நேராக உட்கார்ந்திருக்கிறதா, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்ததா என்று போக வேண்டும். செவ்வாய் வரை இல்லாத ஆட்டம் டயர் கழற்றி மாட்டியதும் வந்திருக்கிறது என்றால், கழற்றி மாட்டியபோது தொட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கோன் செட் ஒரே நாளில் தேயாது.

இன்று மாலை வண்டி ஓடாமல் ஆறிக் கிடக்கும்போது இவற்றைப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில், ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். அது எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் உள்ளே மறைந்திருந்தால் டயர் அங்கே உட்காரவில்லை. பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதைச் சரிபாருங்கள். செயின் இழுக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் உள்ள கோடுகள் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கோடுகளை நம்பாமல், ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்சில் நடு வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்தால் இன்னும் நல்லது. கடைசியாக, வால்வு நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மேகமலைப்பித்தன் | வெள்ளி, காலை 9.12

எந்தப் பூப்போட்ட டயர் போட்டீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே. பட்டன் டயர் என்றால் வேகத்தில் கொஞ்சம் நெளியத்தான் செய்யும். அந்த ரப்பர்க் கட்டைகள் தனித்தனியாக நிற்பதால் சாய்க்கும்போது ஒவ்வொன்றும் வளைந்து கொடுக்கும். அது நோய் இல்லை, அந்த டயரின் குணம். நான் மூன்று வருடமாகப் பட்டன் டயரில்தான் ஓட்டுகிறேன். சின்னமனூரிலிருந்து ஹைவேவிஸ் ஏறி அதற்கப்பால் மகாராஜமெட்டுப் பக்கம் போனபோது, கல்லிலும் சேற்றிலும் சாலை டயர் போட்டு வந்தவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் ஏறிப் போனேன்.

கப்பலூர்வழி | வெள்ளி, காலை 9.40

வருடத்துக்கு ஒருமுறை மகாராஜமெட்டுக்குப் போவதற்காக மீதி நாளெல்லாம் திருமங்கலத்துக்கும் விருதுநகருக்கும் பட்டன் டயரில் உறுமிக்கொண்டே போவதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. தார்ச் சாலையில் அது சீக்கிரம் தேயும். மழையில் பிரேக் பிடித்தால் தரையைத் தொடும் ரப்பரே குறைவு. போடிமெட்டுப் பாதை முழுக்கத் தார். அங்கே கொண்டை ஊசி வளைவுகளில் வேண்டியது பிடிப்பு, பட்டன் இல்லை.

மேகமலைப்பித்தன் | வெள்ளி, காலை 9.52

மழைக்காலத்தில் மண் சரிந்து பாதையில் கிடக்கும் அன்று உங்கள் பிடிப்பைப் பார்க்கிறேன்.

வில்லாபுரத்தான் | வெள்ளி, பகல் 1.15

பட்டன் டயர் இல்லை. சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர் என்றுதான் சொன்னார்கள். பக்கத்தில் 130/80-17 65 என்று ஏதோ போட்டிருக்கிறது. மாலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

திருநகர்க்காரி | வெள்ளி, பகல் 1.47

"ஏதோ" இல்லை, கடையில் கேட்காமலே நமக்கு விடை சொல்லும் எழுத்துகள் அவை. 130 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு உயரம், அதாவது 104 மில்லிமீட்டர். உங்கள் பழைய டயரில் அது 120-இல் தொண்ணூறு பங்கு, 108. ஆக மொத்த விட்டத்தில் 8 மில்லிமீட்டர்தான் குறைந்திருக்கிறது. அதனால் மட்டும் வண்டி ஆடாது. ரிம்மின் அகலத்துக்கு இந்த அளவு பொருந்துமா என்று மட்டும் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆர் என்ற எழுத்து இல்லாமல் சிறு கோடு இருப்பதால் இது ரேடியல் இல்லை, அதாவது உள்நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் வகை இல்லை. முன்டயரிலும் கோடுதான் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டையும் கலந்து போடுவது நல்லதல்ல. 65 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் 290 கிலோ வரை தாங்கும், ஆனால் அது உரிய காற்று இருந்தால்தான்.

கணக்கைப் பாருங்கள். வண்டி ஏறத்தாழ 200 கிலோ என்றால் அதில் பாதி பின்சக்கரத்தில் இருக்கிறது. ஓட்டுகிறவரில் பாதிக்கு மேல், பின்னால் இருப்பவர் ஏறக்குறைய முழுவதும், பெட்டி முழுவதும் அதே சக்கரத்தில். மூணாறுக்கு இருவரும் பெட்டியுமாகப் போனால் 240 கிலோவைத் தொட்டுவிடுவீர்கள். காற்று குறைந்த டயரின் மேல் அதை ஏற்றி எண்பதில் போனால் டயரின் சுவர் கூழ்போல் நெளியும். பெட்டிக்குள் என்ன வைத்திருந்தீர்கள்? பல ரேக்குகளில் எழுதியிருக்கும் வரம்பே ஒற்றை இலக்கக் கிலோதான், அதை யாரும் படிப்பதில்லை. ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் எடை முன்சக்கரத்தைத் தூக்கிக் கொடுக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

நேர்வழி | வெள்ளி, பகல் 2.20

நைட்ரஜன் போட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும். மலை ஏறும்போது சாதாரணக் காற்றின் அழுத்தம் மாறும், நைட்ரஜன் மாறாது. நான் காரில் போட்டிருக்கிறேன்.

திருநகர்க்காரி | வெள்ளி, பகல் 2.41

நான் இயற்பியல் நடத்துகிறவள் என்பதால் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நாம் மூச்சு விடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். சூடானால் அதுவும் மற்ற காற்றைப் போலவே விரியும், குளிர்ந்தால் சுருங்கும். மதுரை வெயிலில் 35 டிகிரியில் 34 பாயின்ட் (பிஎஸ்ஐ) காற்று அடித்துக்கொண்டு, 1,500 மீட்டர் உயரத்துக்கு 20 டிகிரிக் குளிருக்குப் போனால், குளிரால் இரண்டு பாயின்ட்டுக்குச் சற்று மேல் குறையும். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு என்பதால் கேஜில் ஏறக்குறைய அதே இரண்டு சொச்சம் கூடும். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். சந்தேகம் இருந்தால் வில்லாபுரத்தானே மூணாறில் காலையில் அளந்து சொல்லட்டும். மெதுவாகக் கசியும் என்ற ஒரு நன்மை நைட்ரஜனுக்கு உண்டுதான். அதை வாரம் ஒருமுறை காற்றை அளக்கும் பழக்கம் ஈடுகட்டிவிடும்.

நேர்வழி | வெள்ளி, பகல் 3.03

விமானங்களில் ஏன் போடுகிறார்கள்?

திருநகர்க்காரி | வெள்ளி, பகல் 3.10

ஈரமும் ஆக்சிஜனும் இல்லாததால் மேலே உறையாது, பிரேக் சூட்டில் டயருக்குள் தீப்பற்றாது. போடிமெட்டில் இரண்டுக்கும் வாய்ப்பு குறைவு.

மூத்தசவாரி | வெள்ளி, இரவு 9.15

இழை எங்கேயோ போய்விட்டது. பழைய வண்டி வாங்கும்போது டயரின் தயாரிப்புத் தேதியைக்கூடப் பார்க்காதவருக்கு நைட்ரஜன் பாடம் எதற்கு? முன்டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரம். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அத்தனை பழைய ரப்பர் இறுகிக் கல்லாகியிருக்கும். நான் இன்னும் கோன் செட் என்றுதான் சொல்கிறேன்.

பழங்காநத்தம் பட்டறை | வெள்ளி, இரவு 9.50

தேதி பார்க்க வேண்டும் என்பதில் ஐயாவோடு எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தம்பி மாலை பார்த்துச் சொல்வதாகச் சொன்னவர் இன்னும் வரவில்லை என்பதால் வால்வு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டியூப் டயரில் காற்று குறைந்தால், பிரேக் பிடிக்கும்போதும் முறுக்கும்போதும் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி நகரும். உள்ளே இருக்கும் டியூபையும் அது இழுத்துக்கொண்டு போகும். வால்வு மட்டும் ரிம்மின் ஓட்டையில் மாட்டிக்கொண்டிருப்பதால் அது சாயும். சாய்ந்த வால்வோடு ஓட்டினால் ஒரு நாள் அடிப்பகுதி கிழிந்து காற்று மொத்தமாக ஒரே நொடியில் போய்விடும். மலைச் சரிவில் அப்படி ஆவதை நினைத்துப் பாருங்கள். டயர் மாற்றியபோது டியூபையும் மாற்றினார்களா என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை. ஒருமுறை விரிந்த டியூப் பழைய அளவுக்குச் சுருங்காது. அதைப் புது டயருக்குள் திணித்தால் மடிப்பு விழும், மடிப்பில் தேயும், தேய்ந்த இடத்தில் கசியும். டியூபின் விலையை மிச்சப்படுத்துவதற்காகக் கடைகளில் இது அன்றாடம் நடக்கிறது.

கப்பலூர்வழி | சனி, காலை 10.05

வில்லாபுரத்தான், வந்தீர்களா? ஆட்டம் தீராமல் நாளைக்குப் புறப்படாதீர்கள். பேருந்தில் போனாலும் மூணாறு அதே இடத்தில்தான் இருக்கும்.

வில்லாபுரத்தான் | செவ்வாய், இரவு 8.33

தாமதத்துக்கு மன்னிக்கவும், போய் வந்துவிட்டோம். சனிக்கிழமை காலை அளந்தபோது பின்டயரில் 17 பாயின்ட்தான் இருந்தது. வால்வு நன்றாகவே சாய்ந்திருந்தது. வேறு கடையில் கழற்றினால், உள்ளே பழைய டியூப், ஒரு மடிப்பு, மடிப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை. செயின் பக்கம் ஒரு கோடு தள்ளியும் இருந்தது. எல்லாம் சரிசெய்து, கையேட்டில் உள்ளபடி காற்று அடித்து, பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனோம். தொண்ணூறு வரை ஆடவில்லை. அனைவருக்கும் நன்றி.

மூத்தசவாரி | செவ்வாய், இரவு 8.50

மகிழ்ச்சி. கோன் செட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழங்காநத்தம் பட்டறை | செவ்வாய், இரவு 9.04

"எல்லாம் சரிசெய்து" என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, புது டியூப் போட்டார்களா, அதே டியூபில் ஒட்டுப் போட்டார்களா?