கண்டது மட்டும்தான் அறிவா? பூதவாதியும் மணிமேகலையும்

கண்கூடு:
நேரில் கண்டது மட்டும்தான் அறிவு, மற்றதெல்லாம் நம்பிக்கை. நம்பிக்கையை மட்டம் தட்டவில்லை; அதற்கு அறிவு என்ற பட்டம் வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். 'மணிமேகலை' காப்பியத்தின் 27-ஆம் காதையில், அதன் நாயகி மணிமேகலை வஞ்சி நகரில் தவசி வேடத்தில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அந்தக் கூட்டத்திலேயே தெளிவாகப் பேசுபவர் பூதவாதிதான், அதாவது எல்லாம் பூதங்களால் ஆனவை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பவர். கண்கூடாகக் கண்டதைத் தவிர கருதி அறிவது எதுவும் நிற்காது, மறுபிறப்பு பொய் என்று போட்டு உடைக்கிறார். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். குறள் 423 ('எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்') வேண்டாம், அதை எல்லாரும் பார்த்தாயிற்று.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பாதியில் புத்தகத்தை மூடிவிட்டீர்களே தம்பி. அடுத்த சில வரிகளில் மணிமேகலை சிரிக்கிறாள். தனக்கு முற்பிறப்பு தெரியும் என்கிறாள். பூதவாதி, அது தெய்வ மயக்கம், கனவு, சித்தம் கலங்கியவர் பேச்சு என்கிறார். அப்போதுதான் அவள் கேட்கிறாள்: "உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?" பூதவாதியின் பதில் காவியத்தில் இல்லை.

கண்கூடு:
சார், அது ஆளை மடக்கும் கேள்வி, அதனால் முற்பிறப்பு நிரூபணமாகிவிடாது. இன்னொன்று. அதே காதையின் தொடக்கத்தில் அளவைவாதி, அதாவது அறிவு பெறும் வழிகளான அளவைகளைப் பற்றிப் பேசுபவர், வருகிறார் இல்லையா? பழைய ஆசிரியர்களில் வியாதர் சொன்ன அளவை பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று கணக்குச் சொல்லிவிட்டு, அறிவு போலத் தோன்றி ஏமாற்றுபவை எட்டு என்று ஒரு பட்டியல் தருகிறார். இப்பியை (சிப்பியை) வெள்ளி என்று எடுத்துக்கொள்வது, நிற்பது தறியோ (கட்டையோ) மனிதனோ என்று தடுமாறுவது... கடைசியாக வருவது 'நினைப்பு'. அதற்கு என்ன எடுத்துக்காட்டு தெரியுமா? "இவர்கள்தான் உன் தாயும் தந்தையும்" என்று பிறர் சொல்ல, அதை அப்படியே கருதிக்கொள்வது! ஒரே காதையில் ஓரிடத்தில் அது பிழை, இன்னோர் இடத்தில் அறிவா?

நள்ளிரவு வாசகி:
இது நல்ல பிடி. நான் இத்தனை நாள் கவனிக்கவில்லை.

ஆனால் அந்த வரியில் "காரணம் நிகழாது" என்று ஒரு சொல் இருக்கிறது. காரணம் ஏதும் இல்லாமல், சொன்னார்கள் என்பதற்காக மட்டும் கருதுவதுதான் அங்கே பிழை. மணிமேகலை சொல்வது அனுமானம். ஒரு வீட்டில் பிறந்ததிலிருந்து வளர்கிறோம், மூக்கு அப்பாவுடையது என்று ஊரே சொல்கிறது, பிரசவம் பார்த்த பாட்டி இருக்கிறாள், ஒருவர் பேச்சும் இன்னொருவர் பேச்சும் இடிக்கவில்லை. இவற்றை வைத்துக் கருதுகிறோம். அப்புறம், அளவைவாதி பேசுவது வைதிகத் தரப்பு. 29-ஆம் காதையில் மணிமேகலையின் குரு அறவண அடிகள் பௌத்தத் தரப்பில் காட்சி (நேரில் காண்பது), கருத்து (கருதி அறிவது) என்று இரண்டே அளவைகளோடு முடித்துவிடுகிறார். பெரியவர் சொல்வதும் அங்கே கருதலுக்குள்தான் வந்தாக வேண்டும்.

ஜூன் ஒன்று:
குறுக்கே வருகிறேன். சான்றிதழில் எனக்குப் பிறந்தநாள் ஜூன் 1. வீட்டில் ஒரு பழைய கோடு போட்ட நோட்டு இருக்கிறது, மூலையில் மஞ்சள் தடவியது. அதில் அப்பா கையெழுத்தில் ஆவணி 12. பள்ளியில் சேர்க்கும்போது ஐந்து வயது நிரம்பவில்லை என்று தலைமையாசிரியர் பேனாவாலேயே என்னை முன்கூட்டிப் பிறக்க வைத்துவிட்டார். இதில் நான் எதை 'அறிகிறேன்'? பிறந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன், ஆனால் சாட்சி சொல்லத் தெரியாது.

கண்கூடு:
இதைத்தானே நானும் சொல்கிறேன்! இரண்டும் பிறர் சொன்னது, இரண்டும் முட்டுகின்றன. எனவே இரண்டுமே அறிவு இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஒன்று ஏன் பொய்யானது என்பதற்குக் காரணம் அவரே சொல்லிவிட்டாரே. சேர்க்கை வயது. நோட்டில் பொய் எழுத அப்பாவுக்கு ஓர் ஆதாயமும் இல்லை. இப்படி எடைபோடுவதற்குப் பெயர்தான் கருதல்.

சரி, கண்ணுக்கே வருவோம். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையக் கடிகாரம் பத்தேகாலில் நின்றுபோய்ப் பல மாதம் கிடந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்து "மணி பத்தேகால்" என்றார். என் கைக்கடிகாரத்திலும் பத்தேகால்! அவர் கண்ணால் கண்டார், சொன்னதும் உண்மை. அவருக்கு மணி தெரிந்திருந்ததா? தத்துவவாதி ரஸ்ஸல் 1948-இல் இதே நின்றுபோன கடிகாரத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார். இன்னொரு தத்துவவாதி கெட்டியர் 1963-இல் மூன்றே பக்கக் கட்டுரை ஒன்றில், தக்க காரணத்தோடு நம்பியது உண்மையாகவே இருந்தாலும் அது அறிவாகிவிடாது என்று காட்டினார். ஆக, காட்சிக்கும் பின்னால் ஒரு முட்டு வேண்டும்: கடிகாரம் ஓடுகிறது என்பது. அதை அவர் காணவில்லை, கருதிக்கொண்டார்.

கண்கூடு:
கடிகாரம் எனக்கு உதைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை வைத்து நீங்கள் கருதலை உயர்த்த முடியாது சார். அங்கே தவறியதே கருதல்தானே? கண் பார்த்தது முள் இரண்டையும். முள் அங்கேதான் இருந்தது. கண் பொய் சொல்லவில்லை.

நள்ளிரவு வாசகி:
அப்படிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்தது முள் மட்டும்தான், மணி இல்லை. உங்கள் கணக்குப்படி கடிகாரம் ஓடினாலும் யாருக்கும் மணி தெரியாது.

கண்கூடு:
...யோசித்துவிட்டு வருகிறேன். காலையில் எழுதுகிறேன்.

ஜூன் ஒன்று:
நீங்கள் மெதுவாக யோசியுங்கள். என் அலுவலகம் முடிவே கட்டிவிட்டது: ஓய்வு மே 31. அப்பாவின் நோட்டுப்படி ஆகஸ்ட் கடைசி வரை வேலை பார்த்திருக்கலாம். மூன்று மாதச் சம்பளம் வாத்தியாரே, உங்கள் கருதலைக் கொண்டு கணக்குப் பிரிவில் பேசிப் பார்க்கிறீர்களா?