வாயைத் திறந்து தூங்கும் 5 வயதுப் பையன்: டான்சிலா, அடினாய்டா?

கேள்வி:
பையனுக்கு இரவெல்லாம் குறட்டை, வாய் மூடுவதே இல்லை. டிவி சத்தத்தையும் கூட்டச் சொல்கிறான். டார்ச் அடித்துப் பார்த்தால் டான்சில் சின்னதாகத்தான் இருக்கிறது. பிறகு எதனால்?

பதில் 1:
டார்ச்சில் தெரிவது உள்நாக்கின் இருபுறமும் உள்ள டான்சில் மட்டும்தான். அடினாய்டும் டான்சில் போன்ற சதைதான், ஆனால் மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே இருக்கிறது. அது வீங்கினால் மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விட்டுக் குறட்டை வரும். பக்கவாட்டு எக்ஸ்ரேயிலோ மூக்கு வழி எண்டோஸ்கோபியிலோதான் தெரியும். காதிலிருந்து வரும் குழாய் அடினாய்டையொட்டித்தான் திறக்கிறது. அந்தக் குழாய் அடைபட்டால் செவிப்பறைக்குப் பின்னால் பசைபோல் நீர் கட்டி, காது மந்தமாகும். பெரும்பாலும் வலி இருக்காது, அதனால்தான் தவறவிடுகிறார்கள். கேட்புச் சோதனையும் செய்துவிடுங்கள்.

பதில் 2:
தூக்கத்தில் மூச்சு சில விநாடி நின்று, திணறலோடு திரும்புகிறதா? வீடியோ எடுத்து இஎன்டி டாக்டரிடம் காட்டுங்கள். அப்படியிருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
ஆபரேஷன் என்றால் டான்சிலையும் எடுப்பார்களா?

பதில் 1:
மூச்சு நிற்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டையும் எடுப்பார்கள். தொண்டைப்புண்ணுக்காக மட்டும் என்றால் கணக்கு உண்டு: ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது 2 வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5, அல்லது 3 வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3.

பதில் 3:
எடுத்தபின் அந்த இடத்தில் வெள்ளைப் படலம் படியும். அது சீழ் இல்லை, சுரண்டாதீர்கள். 5 முதல் 10 நாளுக்குள் அது உதிரும்போது ரத்தம் வரலாம். சிவப்பாகத் துப்பினாலோ, தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம்.