சிங்கிள் பிவட் பைக் ஏத்தத்துல அமுங்குது, வித்துட்டு ஹார்ஸ்ட் லிங்க் வாங்கலாமா? உதவி பண்ணுங்க

ஈரமண்:
வணக்கம் நண்பர்களே, சிங்கப்பூர்ல இருக்கேன். 4 வருஷமா ஹார்ட்டெயில் (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத) மலை சைக்கிள்தான் ஓட்டிட்டு இருந்தேன், போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கினேன். பின்னாடி 140 மிமீ டிராவல் (சக்கரம் மேல போற தூரம்), சிங்கிள் பிவட் (பின்சக்கரத்தைத் தாங்குற கை ஒரே மூட்டுல சுத்தும்), காத்து அடிக்கிற ஏர் ஷாக் 210x50 (நீளம் 210, அமுங்கற தூரம் 50 மிமீ). என் எடை 82 கிலோ.

சாங்கி பாயிண்ட்ல படகு ஏறி உபின் தீவுக்குப் போய் கேட்டம் பார்க்ல ஓட்டினேன். ஏத்தத்துல ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் அமுங்கி அமுங்கி எழும்புது, கால்ல கொடுக்கிற பலம் பாதி ஷாக்குக்கே போயிடுது. இறக்கத்துல பின் பிரேக் புடிச்சா கல்லு மேல டயர் தடதடன்னு துள்ளுது. சின்ன டிராப்புக்கே (மேட்டுலேர்ந்து கீழ குதிக்கறதுக்கே) ஷாக் கடைசி வரைக்கும் போய் டங்குனு இடிக்குது. கூட ஓட்டுறவர் சிங்கிள் பிவட்னாலே இப்படித்தான், வேற டைப் சஸ்பென்ஷனான ஹார்ஸ்ட் லிங்க் இல்லேன்னா டிடபிள்யூ லிங்க் வாங்குங்கறார். ரெண்டு பைக் பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு விளம்பரத்துல "4 பார்"னு (நாலு தண்டு அமைப்பாம்) போட்டிருக்கு, இன்னொண்ணு ரெண்டு குட்டி லிங்க் உள்ளது, விலை ரொம்ப அதிகம். வீட்ல பதில் சொல்லணும், அதனால தெளிவா தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணலாம்னு பாக்கறேன்.

செயின்லூப்:
ப்ரோ, விக்கறத பத்தி அப்புறம் பேசுவோம். ஸாக், அதாவது நீங்க ஏறினதும் ஷாக் அமுங்கற அளவு, எவ்வளவு இருக்கு? ஷாக் தண்டுல ரப்பர் ரிங் இருக்கும்ல, அதை சீல் பக்கம் தள்ளி விட்டுட்டு, தண்ணி பை எல்லாம் மாட்டிக்கிட்டு வழக்கமா ஓட்டுற மாதிரி ஏறி நில்லுங்க, குதிக்காம இறங்குங்க, ரிங் எத்தனை மிமீ நகந்திருக்குன்னு அளங்க. உங்க ஷாக்குக்கு ஸ்ட்ரோக் (அமுங்கற முழு தூரம்) 50, ஸாக் அதுல 30 சதவீதம் வேணும்னா 15 மிமீ.

இன்னொண்ணு, சீட்டைப் புடிச்சு மெதுவா ஒரு சென்டிமீட்டர் மட்டும் தூக்குங்க. பின் சக்கரம் தரையை விடறதுக்கு முன்னாடியே டக்னு ஒரு ஆட்டம் கையில தெரிஞ்சா ஷாக் புஷ் (ஷாக் மூட்டுக்குள்ள இருக்கிற வளையம்) இல்லேன்னா பிவட் பேரிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். ஒருத்தரைத் தூக்கச் சொல்லிட்டு நீங்க ஒவ்வொரு மூட்டுலயும் விரல் வச்சுப் பாருங்க, எது ஆடுதுன்னு தெரிஞ்சிடும்.

பிவட்_பிரியன்:
டைப் வித்தியாசம் கேட்டீங்க, நீளமா சொல்றேன் பொறுமையா படிங்க. மிதிக்கும்போது உடம்பு எடை பின்னாடி போகும், அது ஷாக்கை அமுக்கப் பாக்கும். அதே நேரம் செயின் இழுவை சுவிங் ஆர்மை (பின்சக்கரத்தைத் தாங்குற கையை) எதிர்த் திசையில தள்ளும், இதைத்தான் ஆன்டி ஸ்க்வாட்ங்கறோம். அது எவ்வளவு இருக்கும்ங்கறது பிவட் எந்த உயரத்துல இருக்கு, முன் செயின்ரிங் எத்தனை பல்லு இதையெல்லாம் பொறுத்தது. சிங்கிள் பிவட்லயும் பிவட்டை சரியான இடத்துல வச்சா நல்லா மிதிக்கும். இதுனால வர்ற பாதகம் பெடல் கிக்பேக். சக்கரம் மேல போகும்போது செயின் நீளம் போதாம கிராங்கை (பெடல் மாட்டின தண்டை) பின்னாடி இழுக்கும், பின்னாடி பெரிய பல்சக்கரத்துல மெதுவா கல்லு மேல ஏறும்போது பாதத்துல நல்லா தெரியும்.

ஹார்ஸ்ட் லிங்க், ஹார்ஸ்ட் லைட்னர் ஏஎம்பி ரிசர்ச்ல கொண்டு வந்தது, காப்புரிமையை ஸ்பெஷலைஸ்டு கம்பெனி வாங்கி எஃப்எஸ்ஆர்னு பேர் வச்சு ரொம்ப வருஷம் ஓட்டினாங்க. அதுல சக்கரம் மாட்டுற பாகம் மெயின் பிவட்டோட நேரா சேரல, நடுவுல ஒரு மூட்டு இருக்கு. பிரேக் காலிப்பரும் (டிஸ்க்கைக் கவ்வுற பாகம்) அந்தப் பாகத்துலதான். அதனால பிரேக் புடிச்சாலும் சஸ்பென்ஷன் ஓரளவு ஃப்ரீயா வேலை செய்யும். சிங்கிள் பிவட்ல காலிப்பர் சுவிங் ஆர்ம்லயே இருக்கறதால பிரேக் புடிச்சா பின்பக்கம் கொஞ்சம் கீழ இழுத்து இறுகும். இது நிஜமான வித்தியாசம், செட்டிங் பண்ணி முழுசா போக்க முடியாது.

ரெண்டு குட்டி லிங்க் டைப்ல சான்டா க்ரூஸ் கம்பெனியோட விபிபில லிங்க் ரெண்டும் எதிரெதிரா சுத்தும், டேவ் வீகிளோட டிடபிள்யூ லிங்க்ல ஒரே பக்கம் சுத்தும். ஜயன்ட் கம்பெனியோட மேஸ்ட்ரோவும் ரெண்டு குட்டி லிங்க்தான். டிராவல்ல எந்த இடத்துல எவ்வளவு ஆன்டி ஸ்க்வாட் வேணுமோ அப்படி வரைஞ்சுக்கலாம், மிதிக்க அருமையா இருக்கும். ஆனா பேரிங் நிறைய, உங்க ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் வருஷம் ஒருமுறையாவது கழட்டி கிரீஸ் போடணும்.

அந்த "4 பார்" பைக் போட்டோவை பெருசு பண்ணி பின் ஆக்சிலை (சக்கர அச்சை) பாருங்க. மூட்டு ஆக்சிலுக்கு முன்னாடி, கீழ, செயின்ஸ்டேல (செயின் ஓரமா போற கீழ்த் தண்டுல) இருந்தாதான் ஹார்ஸ்ட் லிங்க். ஆக்சிலுக்கு மேல சீட்ஸ்டேல (சீட் பக்கம் போற மேல் தண்டுல) இருந்தா அது ஷாக்கை லிங்க் வச்சு அமுக்குற சிங்கிள் பிவட், சக்கரம் போற பாதையும் பிரேக் குணமும் இப்ப உங்க கிட்ட இருக்கிறதேதான். ஆக்சில் மேலயே மூட்டு சுத்தினா ஸ்ப்ளிட் பிவட், ட்ரெக் கம்பெனில ஏபிபிம்பாங்க, அதுவும் பிரேக்குக்கு நல்லது.

குளிர்காத்து:
நான் இஞ்ச வேல்ஸில ஓடுறனான், வருசம் முழுக்கச் சேறும் தண்ணியும்தான். 6 வருசமா சிங்கிள் பிவட்தான் வச்சிருக்கிறன். ரெண்டு பேரிங், அரை மணித்தியாலத்தில மாத்திப்போட்டு வெளிக்கிடலாம். பிரேக் பிடிக்கேக்க பின்பக்கம் இறுகிறது உண்மை, ஆனா கல்லுக்கு முன்னமே பிரேக்கைப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சிட்டு, கல்லுக்கு மேல பிரேக்கை விட்டுப் பழகினா பெரிசாத் தெரியாது. ரீபவுண்டையும் (அமுங்கின ஷாக் திரும்பி எழும்புற வேகம்) ஒருக்காப் பாருங்கோ தம்பி, கூடின வேகமா இருந்தாலும் டயர் துள்ளும்.

ஈரமண்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அளந்தேன், 22 மிமீ! ஷாக்ல காத்து அழுத்தம் வெறும் 130 பிஎஸ்ஐதான் இருந்தது, வித்தவர் என்னை விட ரொம்ப ஒல்லி, அவர் செட்டிங்லயே நான் ஒரு மாசம் ஓட்டியிருக்கேன். சீட்டைத் தூக்கினா டக்னு ஆட்டமும் இருக்கு, ஷாக்கோட முன் மூட்டுல விரல் வச்சா தெரியுது. அந்த 4 பார் போட்டோ பாத்தேன், மூட்டு ஆக்சிலுக்கு மேல சீட்ஸ்டேலதான் இருக்கு.

செயின்லூப்:
22ன்னா 44 சதவீதம் ப்ரோ, டிராவல்ல பாதி கிட்ட அமுங்கின நிலையிலேயே மிதிச்சிருக்கீங்க. நிறைய பைக்ல டிராவல் ஆழத்துல ஆன்டி ஸ்க்வாட் குறைஞ்சுடும், அதான் அந்த அமுங்கல், டங்குனு இடிக்கறதும் அதனாலதான். எடையை பவுண்ட்ல போட்டா உங்களுக்கு சுமார் 180, அதே எண்ணிக்கை பிஎஸ்ஐல ஆரம்பிங்க. 50 பிஎஸ்ஐ ஏத்தினதும் ஷாக்கை பத்து தடவை அமுக்கி விடுங்க, உள்ள எதிர்ப்பக்கம் இருக்கிற நெகட்டிவ் சேம்பர்லயும் காத்து சமமாகணும், அப்புறம் திரும்ப பம்ப் மாட்டிப் பாருங்க. பம்பைக் கழட்டும்போது வர்ற உஸ் சத்தம் ஹோஸ்ல இருக்கிற காத்துதான், ஷாக் காத்து போகல, பயப்படாதீங்க.

ஈரமண்:
அப்டேட் போடறேன். 185ல 15 மிமீ வந்துடுச்சு. ஷாக் முன் போல்ட்டைக் கழட்டி புஷ்ஷைப் பாத்தேன், உள் பக்கம் சாம்பல் கலர் பூச்சு ஒரு பக்கமா தேஞ்சு வெண்கல நிறம் பளபளன்னு தெரியுது, விரல் நகம் வச்சா விளிம்பு தட்டுது. புதுசு அழுத்தி மாட்டியாச்சு, ஆட்டம் சுத்தமா போச்சு. ஞாயித்துக்கிழமை மறுபடி கேட்டம் போனேன், அதே ஏத்தத்துல உக்காந்து மிதிச்சா ரிங் கொஞ்சமாதான் அசையுது. எழுந்து நின்னு மிதிச்சா இன்னும் அமுங்குது, பரவாயில்ல. பிரேக்ல துள்றது ரீபவுண்ட் ரெண்டு க்ளிக் மெதுவாக்கினதுல குறைஞ்சது, முழுசா போகல. பெரிய டிராப்ல மட்டும் இன்னும் ஒரு தடவை இடிச்சது. 4 பார் பைக் வேணாம்னு சொல்லிட்டேன்.

பிவட்_பிரியன்:
இடிக்கறதுக்கு காத்து ஏத்தாதீங்க, ஸாக் கெட்டுடும். ஏர் கேன் (ஷாக்கோட காத்து அறை) உள்ள ஒரு வால்யூம் ஸ்பேசர் (காத்து இடத்தைக் குறைக்கிற துண்டு) சேருங்க, கடைசி டிராவல் மட்டும் இறுகும். கேன் திறக்கறதுக்கு முன்னாடி காத்தை முழுசா இறக்கிடுங்க, மறந்துடாதீங்க.