பழைய திருவிழா மலர்களை யூனிகோடுக்கு மாற்றுவதா, படமாகப் போட்டால் போதுமா?

வடக்குவாசல் (யாங்கோன்)

வணக்கம். எங்கள் கோயில் திருவிழா மலர்கள், 2003 முதல் 2015 வரை வந்தவை, சிடியில் கிடக்கின்றன. தமிழ்ப் பக்கங்கள் பேஜ்மேக்கர் என்ற பக்கம் கட்டும் மென்பொருளில் பாமினி எழுத்துருவில் அடித்தவை. இடையில் வேறொருவர் வேலை பார்த்த வருடங்களில் வானவில் எழுத்துரு. பர்மியப் பக்கங்கள் பழைய மலர்களில் வின் இன்வா என்ற பர்மிய எழுத்துரு. பின்னால் வந்தவற்றில் வேர்டில் தனியாக அடித்த ஸோஜி என்ற இன்னொரு பர்மிய எழுத்துரு.

எல்லாவற்றையும் கைப்பேசியில் படிக்கிற மாதிரி இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு. இளைஞர்கள் எல்லாக் கருவியும் படிக்கிற பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றச் சொல்கிறார்கள். பெரியவர்கள், அச்சான புத்தகத்தை ஸ்கேன் செய்து படமாகப் போட்டால் போதும் என்கிறார்கள். இதற்குள் சில சிடிக்கள் திறக்கவே மறுக்கின்றன. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எழுத்துக்காரன்

படமாகப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம். ஒரு பக்கத்தைக் கைப்பேசித் திரையில் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்து, மறுபடி சிறிதாக்கி யார் படிப்பார்கள்? தேடவும் முடியாது. தாத்தா எந்த வருடம் தேர் உபயம் செய்தார் என்று ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்றால் எல்லா மலரையும் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

பேஜ்மேக்கரிலிருந்து நேராக பிடிஎஃப் எடுத்தாலும் இதே கதைதான். கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் "அம்மா" என்று தெரிவது கணினிக்கு நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும். அம்மாவைத் தேடினால் கிடைக்கமாட்டாள்.

2019 அக்டோபர் 1 அன்று இந்த நாடே ஸோஜியை விட்டு யூனிகோடுக்கு மாறியது. பர்மிய எழுத்து யூனிகோடுக்குள் வந்தது 1999இல். தமிழ் 1991இல், முதல் பதிப்பிலேயே இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் மாறிவிட்டார்கள், நாம் இன்னும் பாமினியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

அச்சுக்கூடம்

தம்பி, "நாடே மாறியது" என்பதெல்லாம் மேடைப் பேச்சு. என் கடைக்கு இன்றைக்கும் ஸோஜியில் அடித்த கல்யாணப் பத்திரிகை வருகிறது.

பாமினியை நாங்கள் ஆசைப்பட்டா வைத்துக்கொண்டோம்? விண்டோஸ் 2000இலேயே லதா எழுத்துரு வந்துவிட்டது, யூனிகோடில் தமிழ் அடிக்கலாம். ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதனால்தான் தமிழுக்குப் பாமினி, பர்மியத்துக்கு வின் இன்வா. தாளில் ஒழுங்காக விழுந்தது, அதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

மாற்றுவது ஒரு நிமிஷம். புரூஃப் பார்ப்பது யார்? இணையத்தில் சில பழைய இலங்கைக் கட்டுரைகளைப் பார்த்திருப்பீர்கள், "கொழும்புஇ கண்டிஇ யாழ்ப்பாணம்" என்று வரும். காரணம் இதுதான்: பாமினியில் காற்புள்ளி விசையில் "இ" உட்கார்ந்திருக்கிறது. காற்புள்ளி வேண்டுமென்றால் வேறு விசை. அடிக்கிறவர் அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். அந்த இடத்துக்கு மட்டும் ஆங்கில எழுத்துருவைப் போட்டுக் காற்புள்ளி தட்டிவிட்டுப் போவார். தாளில் சரியாக இருக்கும். மாற்றியை (யூனிகோடாக்கும் நிரலை) ஓட்டினால் அத்தனை காற்புள்ளியும் "இ".

உபயதாரர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு காற்புள்ளி உண்டு. "இ" ஒட்டிக்கொண்டு வந்தால் திருவிழா அன்று என் சட்டையைத்தான் பிடிப்பார்கள்.

அப்புறம், வரி நிரம்பவில்லை என்று சொல்லின் நடுவில் என்டர் தட்டுவது அந்தக் காலத்துப் பழக்கம். மாற்றிய பிறகு அந்த ஒரு சொல் இரண்டாக நிற்கும். நீங்கள் பெருமையாகச் சொல்கிற தேடலில் அதுவும் சிக்காது. படம் பொய் சொல்லாது.

எழுத்துக்காரன்

அண்ணே, காற்புள்ளிக் கதை உண்மைதான். ஆனால் அது உரையை வெறுமனே காப்பி எடுத்து மாற்றியில் ஒட்டுகிறவர்களுக்கு வருகிற வினை. பேஜ்மேக்கரிலிருந்து ஆர்டிஎஃப் என்ற கோப்பு வகையாக எடுங்கள். எந்தத் துண்டு எந்த எழுத்துரு என்ற விவரம் கூடவே வரும். பாமினி என்று குறித்த துண்டை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடாமல் விட ஒரு சின்ன நிரல் போதும். வானவில்லுக்கு வேறு அட்டவணை (எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்ற பட்டியல்), அவ்வளவுதான். கொம்பு இடம் மாறுவதும் (பாமினியில் கொம்பு முதலில், எழுத்து பிறகு; யூனிகோடில் எழுத்து முதலில்) நிரல் பார்த்துக்கொள்ளும்.

பேஜ்மேக்கருக்குப் பின் வந்த பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைன் சிஎஸ்6 யாரிடமாவது இருந்தால் இன்னும் வசதி. அது பேஜ்மேக்கர் கோப்பையும் திறக்கும், தமிழ் யூனிகோடையும் ஒழுங்காகக் கோக்கும். அதற்கு அடுத்து வந்த இன்டிசைன்கள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதையே விட்டுவிட்டன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7. அதை ஓட்டுகிற மெஷின் இன்னும் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும்? இன்றைக்குச் செய்யாவிட்டால் பிறகு படம் மட்டும்தான் மிஞ்சும். அப்போது வாதாட வேண்டிய அவசியமே இருக்காது.

பெகுக்காரன்

இரண்டு பேரும் நல்லாத்தான் பேசுகிறீர்கள். இங்கே கரண்ட் இருந்தால் நெட் இல்லை. நெட் இருந்தால் விபிஎன் இல்லாமல் பல தளங்கள் திறப்பதில்லை. 2021 மார்ச்சில் கைப்பேசி டேட்டா அடியோடு நின்றதே, அப்போது எந்த யூனிகோடு வந்து உதவியது? நூறு பிரதி மறுபதிப்பு போட்டு வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். என் அப்பா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கூடப் படிப்பார்.

அச்சுக்கூடம்

எனக்குப் பிழைப்பு தருகிற யோசனைதான். ஆனால் நூறு பிரதிக்கு ஆஃப்செட் கட்டாது. பிளேட் செலவு நூறுக்கும் அதேதான், ஆயிரத்துக்கும் அதேதான். நூறு என்றால் டிஜிட்டல் பிரிண்ட், டோனர். அதற்கும் ஜெனரேட்டர் ஓட வேண்டும். காகிதம் வெளியிலிருந்து வருவது. நம் பணம் கியாட் விழ விழ காகித விலை ஏறுகிறது. எல்லா மலரையும் சேர்த்து அடிக்கக் கமிட்டியிடம் காசு இல்லை, எனக்கே தெரியும்.

தாட்டோன் டீச்சர்

நீங்கள் எல்லோரும் தமிழைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஞாயிறு வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். 1960களில் பள்ளிகள் அரசுடைமையான பிறகு இரண்டு தலைமுறை இப்படித்தான் வளர்ந்தது. மலரில் அவர்களுக்குப் போய்ச் சேர்வது பர்மியப் பக்கம். சிக்கலும் அங்கேதான் அதிகம்.

பாமினிக்கும் வின் இன்வாவுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பார்த்த உடனே கோளாறு புரிந்துவிடும். ஸோஜி அப்படியில்லை. யூனிகோடு பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களில் தன் இஷ்டத்துக்கு உருவங்களை வைத்துக்கொண்டது. ஷான், மோன், கரேன் மொழிகளுக்கு ஒதுக்கிய இடங்களையும் விடவில்லை. (எங்கள் பக்கத்து மோன் ஜனங்கள் கைப்பேசியில் தங்கள் மொழியில் ஒரு வரி அனுப்ப முடியாமல் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.) ஆகவே ஒரு வரி ஸோஜியா யூனிகோடா என்று அந்த வரி தானாகச் சொல்லாது. எந்தக் குறிக்குப் பின் எந்தக் குறி வருகிறது என்று பார்த்து, நிகழ்தகவு கணக்கிட்டு நிரல் ஊகிக்க வேண்டும். கூகுள் வெளியிட்ட கருவியும் அப்படித்தான் வேலை செய்கிறது. நீளமான பத்தி என்றால் ஊகம் சரியாக வரும். ஒற்றைப் பெயர் என்றால்? இரண்டிலும் செல்லுபடியாகிற சேர்க்கை என்றால் எதை வைத்துத் தீர்மானிக்கும்? பட்டியல் முழுக்க ஒற்றைப் பெயர்கள்தான்.

எழுத்துக்காரன்

டீச்சர், ஊகம் ஃபேஸ்புக்குக்குத் தேவைப்பட்டது. கோடிக்கணக்கான பதிவுகளில் யார் எதில் அடித்தார் என்று அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியுமே. 2015க்கு முந்தைய வேர்டு கோப்பு, எழுத்துருப் பெயர் ஸோஜி. ஊகிக்கச் சொல்லாமல் "இது ஸோஜிதான், மாற்று" என்று நேராகச் சொல்லிவிடலாம்.

தாட்டோன் டீச்சர்

ஒரே ஆள் அடித்த கோப்பு என்றால் சரி. மலர் அப்படியா தயாராகிறது? நாலு ஊரிலிருந்து நாலு பேர் அனுப்பியதை ஒட்டுவோம். எழுத்துருப் பெயர் ஸோஜி என்றிருக்கும், உள்ளே யாரோ அனுப்பிய யூனிகோடு வரி இருக்கும். திரையில் உடைந்து தெரியும். பர்மியம் படிக்கத் தெரியாதவர் பக்கம் கட்டினால் அதுவும் தெரியாது. அப்படியே அச்சுக்குப் போயிருக்கிறது. எங்கள் ஊர் மலரில் ஒரு பக்கத்தில் "ஏ" ஒலிக் குறி எல்லாம் எழுத்துக்கு வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. அச்சுக்கூடம் அண்ணன் படம் பொய் சொல்லாது என்கிறார். அந்தப் பக்கத்தைப் படமாகப் போட்டால் எந்தப் பிள்ளையாலும் படிக்க முடியாது. கோப்பு இருந்தால் அந்த வரிகளை மட்டும் மாற்றாமல் விட்டாலே சரியாகிவிடும். ஆகவே என் ஓட்டு கோப்புக்குத்தான், ஆனால் பர்மியம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

சும்மாபார்க்கிறேன்

இவ்வளவு சண்டை எதற்கு? ஸ்கேன் எடுத்து ஏஐயிடம் கொடுத்தால் தமிழ், பர்மியம் இரண்டையும் அதுவே தட்டச்சு செய்துவிடும். பாமினியும் வேண்டாம் ஸோஜியும் வேண்டாம்.

அச்சுக்கூடம்

இந்த ஒரு விஷயத்தில் நானும் எழுத்துக்காரன் தம்பியும் ஒரே கட்சியாக இருப்போம் என்று நினைக்கிறேன். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கிற பழைய ஓசிஆர் நிரல் தப்பு செய்தால் கண்ணுக்குத் தெரியும்: துணைக்கால் "ர" ஆகும், மை அடைத்த இடத்தில் புள்ளி காணாமல் போகும். படித்தால் இடறும், திருத்திவிடலாம். இந்த ஏஐ செய்கிற தப்பு இடறாது. ஒரு பக்கம் கொடுத்துப் பார்த்தேன். "ரங்கூன்" என்று இருந்ததை "யாங்கோன்" ஆக்கியது. "சின்னப்பொண்ணு அம்மாள்" என்ற பெயரை "சின்னப்பெண் அம்மாள்" என்று திருத்தி வைத்தது. இலக்கணம் சுத்தம், ஆள் மாறிவிட்டார்.

எழுத்துக்காரன்

ஒரே கட்சிதான் அண்ணே. கோப்பு கையில் இருக்கும்போது படத்தைப் பார்த்து ஊகிப்பது எதற்கு? அட்டவணை மாற்றம் ஊகிப்பதே இல்லை; தப்பினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தப்பும், ஒரு வரியில் திருத்திவிடலாம். சிடி திறக்காத வருடங்களுக்கு மட்டும் ஸ்கேன், ஓசிஆர். வடக்குவாசல், திறக்காத சிடிக்களை வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். திறக்கிறவற்றை இன்றைக்கே பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள், மற்ற பேச்செல்லாம் அப்புறம்.

ஜன்னலோரம்

நான் கேட்கிறது வேறு. அந்த மலர்களில் உபயதாரர் பட்டியலில் பெயர் மட்டுமா இருக்கிறது? வீட்டு எண், தெரு, போன் நம்பர், கொடுத்த தொகை, சில இடத்தில் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளின் பெயர். அச்சடித்தபோது அது கோயிலுக்கு வருகிற குடும்பங்களுக்குள் சுற்றியது. இணையத்தில் ஏற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் போகும். "தேடலாம், தேடலாம்" என்று முதலிலிருந்து சொல்கிறீர்களே, தேடப்போவது பேரன் மட்டும்தானா? இப்போது இருக்கிற நிலைமையில் எங்கள் வீட்டுப் பெயர் அதில் வருவது எனக்கு இஷ்டமில்லை.

படமாகப் போட்டால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். படத்தில் இருக்கிற எழுத்தைக் கைப்பேசியே படிக்கிறது.

வடக்குவாசல்

இது கமிட்டியில் யாருக்கும் தோன்றவில்லை. முகவரி, போன், தொகை மூன்றையும் எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் விட்டால்?

அச்சுக்கூடம்

தொகை இல்லாத பட்டியலா! ஐயா, பாதிப் பேர் கொடுத்ததே பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வேண்டும் என்றுதான். சரி, விளையாட்டு போகட்டும். ஜன்னலோரம் சொல்வது நியாயம். பட்டியல் இணையத்துக்குப் போகவே வேண்டாம். அது புத்தகத்தில் இருக்கட்டும், கோயில் அலமாரியில் இருக்கட்டும். காற்புள்ளித் தொல்லையும் பாதி ஒழிந்தது.

எழுத்துக்காரன்

பட்டியலை விட்டுவிட்டால் தாத்தாவின் தேர் உபயம் போய்விடும். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. யூனிகோடுக்கு மாற்றி, கோயில் கணினியில் மட்டும் வைக்கலாம்; கேட்கிற குடும்பத்துக்குத் தேடிக் கொடுக்கலாம். கட்டுரைகள், கோயில் வரலாறு, பர்மியப் பக்கங்கள் இவற்றை மட்டும் ஏற்றுவோம்.

ஜன்னலோரம்

கட்டுரையிலும் பெயர் வரும். ஏற்றுவதற்கு முன் ஒருமுறை கேளுங்கள். கேட்க முடியாதவர்களின் பெயரை எடுத்துவிடுங்கள்.

அச்சுக்கூடம்

என் கடைப் பழைய மெஷினில் சிஎஸ்6 இருக்கிறது. தம்பி நிரலை எடுத்துக்கொண்டு வரட்டும், ஜெனரேட்டர் செலவு என்னுடையது. 2006 மலரை முதலில் எடுப்போம், அதுதான் பாமினியும் வின் இன்வாவும் ஒரே பக்கத்தில் கலந்தது. அது ஒழுங்காக வந்தால் மற்றதெல்லாம் வரும். டீச்சர் யாங்கோன் வரும் நாளைச் சொன்னால் பர்மியப் பக்கத்தை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: புரூஃப் திரையில் பார்க்க மாட்டேன், தாளில் எடுத்துக் கொடுத்தால்தான் கையெழுத்து போடுவேன்.

தாட்டோன் டீச்சர்

தீபாவளி விடுமுறைக்கு வருகிறேன். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டி வருகிறேன், பர்மியத்தில் என்னைவிட அவர்கள் கண் கூர்மை.

பெகுக்காரன்

அந்தப் புரூஃப் தாளையே சேர்த்து பைண்டிங் போட்டால் பெகுவுக்கு ஒன்று அனுப்புங்கள். பென்டிரைவ் வேண்டாம்.