பாலிஷ் எந்திரத்தின் ‘பேட்’: வில்லையா, திண்டா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மகிழுந்துக்கு மெருகேற்றும் எந்திரத்தில் மாட்டுகிற ‘பேட்’ என்பதற்கு ‘மெருகுவில்லை’ எனத் தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்று நம் குழுமத்தின் இந்த உரையாடல் இழையில் முன்மொழியப்பட்டிருந்தது. சொல் காதுக்கு இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. காரணம் இலக்கணமன்று, அந்த எந்திரமே.

எந்திரத்தின் தண்டில் முதலில் முடுக்கப்படுவது ஒரு தட்டு. அதன் முகத்தில், ஒட்டிப் பிரிக்கும் பட்டையான வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் ஒட்டியிருக்கும். அதன்மேல் நாம் அழுத்திப் பதித்து, நைந்ததும் பிய்த்து எறிகிற உறுப்புதான் பேட். பட்டறையில் சிலர் இரண்டையுமே ‘பேட்’ என்கிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. சென்ற ஆண்டு ‘ஐந்து அங்குலப் பேட்’ என்று கேட்டு ஒன்று வாங்கி வந்தேன். என் தட்டும் ஐந்து அங்குலம். பேட் தட்டைவிட அரை அங்குலமாவது அகன்றிருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கதவின் மடிப்பில் எந்திரத்தைச் சற்றே சாய்த்ததும் பேடின் நுரை அமுங்கி, தட்டின் ஓரம் வண்ணப்பூச்சில் உரசிற்று. கைப்பிடிக்குக் கீழே பிறைபோல் விழுந்த அந்தக் கோடு இன்றும் இருக்கிறது. ஆகவே தட்டுக்குத் ‘தாங்குதட்டு’ என்ற தனிப்பெயர் முதலில் வேண்டும். மாற்றுப் பேட் வாங்கப் போகிறவர் கடையில் சொல்ல வேண்டியது தாங்குதட்டின் அளவைத்தான்.

இனி, வில்லை. மாத்திரையையும் மூக்குக்கண்ணாடியின் ஆடியையும் வில்லை என்கிறோம். தட்டையாக, வட்டமாக, விறைப்பாக இருப்பது வில்லை. இதே வகைத் தாங்குதட்டில் வட்டமாக வெட்டிய உப்புத்தாளையும் பதித்துத் தேய்ப்பதுண்டு. வில்லை என்ற பெயர் அதற்கே பொருந்தும். நுரைப் பேடோ ஏறக்குறைய ஓர் அங்குலம் தடித்து, அழுத்தினால் அமுங்கி, காரின் வளைவுக்கு இணங்கிக் கொடுப்பது. சாய்ந்தால் அமுங்குகிற பொருளுக்குத் தமிழில் ‘திண்டு’ என்ற பெயர் முன்பே இருக்கிறது. (திண்டுபோல் மலை இருப்பதால்தான் திண்டுக்கல் என்பார்கள், கல்லே திண்டாகலாம் என்றால் நுரைக்கு என்ன தடை?) உப்புத்தாளுக்கும் தாங்குதட்டுக்கும் நடுவே மெத்தென்று ஒரு நுரை அடுக்கு வைப்பார்களே, அதை ‘இடைத்திண்டு’ என்று சொல்லிப் பாருங்கள், விளக்கமே வேண்டியிராது. நுண்ணிழை (மைக்ரோஃபைபர்) பேட் மெல்லியதாயிற்றே என்று யாரேனும் கேட்கலாம். அதன் முதுகிலும் நுரை அடுக்கு உண்டு என்பதால் எனக்கு உறுத்தவில்லை.

ஆனால் ‘மெருகுத்திண்டு’ என்பதைப் பொதுப்பெயராக வைக்கக் கூடாது. கீறலை நீக்கும் முரட்டு வகை, பளபளப்பேற்றும் நடுத்தர வகை, கடைசிப் பூச்சுக்கான மென்மையான வகை என்று மூன்று கடையில் கிடைக்கின்றன. தொழிலில் கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங் என்பார்கள். மெருகு நடுவிலுள்ளதற்கே உரியது. எனவே பொதுப்பெயர் வெறும் திண்டு. வகைப்பெயர்கள் அராவுதிண்டு, மெருகுத்திண்டு, மினுக்குதிண்டு. நடுவில் மட்டும் ஒற்று மிகுவதைப் பிழையென்று எண்ண வேண்டாம்: அராவு, மினுக்கு இரண்டும் வினையடிகள், வினைத்தொகையில் வல்லினம் மிகாது, மெருகு பெயர்ச்சொல். இப்பெயர்கள் உறையின்மேல் அச்சேறினால் வாங்குபவருக்கு மெய்யான பயனுண்டு. நிறத்தை வைத்து வகையை அறிய எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒழுங்கு எதுவுமில்லை; ஒருவரின் ஆரஞ்சு அராவுவதாகவும் இன்னொருவரின் ஆரஞ்சு மெருகூட்டுவதாகவும் இருக்கக்கூடும். ‘பழையது ஆரஞ்சு, அதையே கொடுங்கள்’ என்று கேட்பவர் மெழுகு பூசும் நாளில் அராவுதிண்டோடு வீடு திரும்ப நேரும்.

கம்பளியால் ஆனதைக் கம்பளித்திண்டு என்றே சொல்லிவிடலாம். உலோகத்துக்குப் பளபளப்பேற்றத் துணி அடுக்கித் தைத்த ‘பஃப்’ சக்கரம் வேறு பொருள். அதை இந்த இழையில் கலக்க வேண்டாம்.

வெல்க்ரோவுக்கு இதே இழையில் முன்மொழிந்த ‘கொக்கிவளையப் பற்றுப்பட்டை’யும் எனக்கு ஒப்பவில்லை. செருப்பிலும் பள்ளிப்பையிலும் பழகிய வெல்க்ரோ அப்படியே இருக்கட்டும். வேறு கருத்துள்ளவர்கள், சூடேறி வெல்க்ரோ கழன்ற திண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நீண்ட பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.