ஃபினிஷரில் தாள் சீராக அடுக்கவில்லை, பாதியிலேயே "ட்ரே நிறைந்தது" என்று நிற்கிறது: உதவி தேவை

முத்துநகர்:

வணக்கம். தூத்துக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் ஏ3 வரை எடுக்கும் காப்பியர் இருக்கிறது, பக்கத்திலேயே பின் அடிக்கும் ஃபினிஷர். தணிக்கை அறிக்கைகளை இரண்டு பக்கமும் அச்சடித்து, மூலையில் ஒரு பின் அடித்துச் செட் செட்டாக எடுப்போம். மழை தொடங்கியதிலிருந்து இரண்டு தொல்லை.

ஒன்று, செட்டுகள் ஒழுங்காக அடுக்குவதில்லை. சில தாள்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன, அந்த நிலையிலேயே பின்னும் விழுந்துவிடுகிறது. இரண்டு, ட்ரே கால்வாசிகூட நிறையாத போதே "ட்ரே நிறைந்தது, தாளை எடுக்கவும்" என்று வேலையை நிறுத்திவிடுகிறது. எடுத்துவிட்டால் ஓடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே செய்தி. ஜாம் எதுவும் ஆவதில்லை.

ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) இருக்கிறது, ஆனால் இன்ஜினியர் வர நாளாகும் என்கிறார்கள். அறிக்கை கொடுக்க வேண்டிய கெடுவோ நெருங்குகிறது. நாங்களே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

சென்சார்_சிவன்:

நிறைந்ததாகக் காட்டும் சென்சார் போயிருக்கும். மாற்றச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

ரோலர்:

சென்சாரை மாற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள். தாளை எடுத்ததும் செய்தி போய்விடுகிறது என்றால் சென்சார் உயிரோடு இருக்கிறது என்றுதான் பொருள். எதையோ உண்மையாகவே பார்க்கிறது, அது என்ன என்பதுதான் கேள்வி.

காப்பியர் சர்வீஸில் இருக்கிறேன். என் அனுபவத்தில் ஃபினிஷர் மேல் வரும் புகார்களில் பெரும்பகுதி ஃபினிஷரில் பிறப்பதே இல்லை. தாள் எந்த வடிவத்தில் உள்ளே வருகிறதோ, அந்த வடிவத்தைத்தான் அதனால் அடுக்க முடியும். அதனால் மூடியைத் திறக்கும் முன் மூன்று விஷயம் சொல்லுங்கள் முத்துநகர் சார்.

வெளியே வந்த சூட்டோடு ஒரு தாளை எடுத்துச் சமமான மேசையில் வையுங்கள். எந்த ஓரம் தூக்குகிறது? அடுத்து, அதே வேலையை ஃபினிஷருக்கு அனுப்பாமல் மெஷினின் உள் ட்ரேயில் விட்டுப் பாருங்கள், அங்கேயும் தாள் வளைகிறதா? கடைசியாக, செட்டில் தாள் துருத்துவது தாள் ஓடும் திசையிலா, பக்கவாட்டிலா? இந்த மூன்றாவதுக்கு நன்றாகப் பார்த்துப் பதில் சொல்லுங்கள், பாதி நோயை அதுவே சொல்லிவிடும்.

முத்துநகர்:

நன்றி சார். பார்த்துவிட்டேன். நீளமான இரண்டு ஓரமும் மேலே தூக்கி, கவிழ்க்காத ஓடு போலக் கிடக்கிறது. உள் ட்ரேயில் விட்டாலும் அதே வளைவு. ஒருபக்க அச்சில் குறைவு, இருபக்கத்தில் அதிகம். துருத்துவது தாள் ஓடும் திசையில்தான். பக்கவாட்டில் வெட்டி வைத்ததைப் போலச் சீராக இருக்கிறது.

ரோலர்:

அப்படியென்றால் வளைவு ஃபினிஷருக்கு வரும் முன்பே தொடங்கிவிட்டது. மைத்தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசரைத் தாண்டும்போது சூட்டில் தாளின் ஈரம் சட்டென்று போகிறது. இரண்டு முகத்திலும் ஒரே அளவில் போகாது, அதனால் தாள் ஒரு பக்கம் இழுக்கிறது. இருபக்க அச்சில் தாள் ஃபியூசர் வழியாக இரண்டு முறை போகிறது, அதனால்தான் அதில் அதிகம். கடலோர ஊரில் மழைக்காலத்தில் தாள் குடித்திருக்கும் ஈரமும் அதிகம், போகும் ஈரமும் அதிகம்.

உங்கள் "நிறைந்தது" செய்தியும் இதனால்தான் வருகிறது என்று நினைக்கிறேன். தாளின் பின் ஓரம், அதாவது கடைசியாக வெளியே வரும் ஓரம், மேலே தூக்கி நின்றால், அது வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் உயரச் சென்சாரை மறைக்கும். அடுக்கு அந்த உயரத்துக்கு வந்துவிட்டது என்று எண்ணி மெஷின் ட்ரேயைக் கீழே இறக்கும். அடுத்த தாளும் தூக்கி நிற்கும், மறுபடி இறக்கும். கடைசியில் ட்ரே அடிமட்டத்தைத் தொட்டதும் நிறைந்துவிட்டது என்று சொல்லிவிடும். உள்ளே இருப்பது தாள் பாதி, காற்று பாதி.

செய்தி வரும் நேரத்தில் எதையும் எடுக்காமல் பக்கத்திலிருந்து குனிந்து பாருங்கள். ட்ரே கீழே போய் நிற்கிறதா, தாளின் பின் ஓரம் வாயை ஒட்டித் தூக்கிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் இதுதான்.

காகிதக்கடை:

நான் பேப்பர் விற்பவன், என் பங்குக்கு. ரீமின் (தாள் கட்டின்) மேலுறைக்கு உள்பக்கம் ஈரம் புகாத பூச்சு இருக்கும், சும்மா அலங்காரத்துக்கு இல்லை. பிரித்த ரீமை அப்படியே அலமாரியில் வைத்தால் ஓரங்கள் முதலில் ஈரம் குடித்து அலையலையாகிவிடும். மீதியை அதே உறையில் சுற்றி மூடி, தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சாயங்காலம் ஏசியை நிறுத்திவிட்டுப் போகும் அலுவலகத்தில் தாள் போடும் ட்ரேயில் விட்ட தாள் இரவெல்லாம் ஈரம் குடிக்கும். பெரிய வேலை ஓட்டும் நாளில் அப்போது பிரித்த ரீமைப் போடுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த ரீமை உடனே பிரிக்காமல், அறையின் சூட்டுக்கு வரும்வரை மூடியே வையுங்கள்.

உறையில் அம்புக்குறி இருந்தால் அது எந்தப் பக்கம் முதலில் அச்சாக வேண்டும் என்று காட்டுவது. ட்ரேயில் அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்பது மெஷினுக்கு மெஷின் மாறும்.

ரோலர்:

இவர் சொன்னது அத்தனையும் சரி. அதோடு தாள் போடும் ட்ரேயில் இருக்கும் தாளைக் கவிழ்த்துப் போட்டு ஒரு செட் எடுத்துப் பாருங்கள். செலவில்லாத சோதனை, பல இடங்களில் இதுவே போதும்.

இன்னொன்று, ட்ரே அமைப்பில் தாள் வகை என்ன என்று பாருங்கள். 70, 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) சாதாரணத் தாளுக்குத் "தடித்த தாள்" என்று இருந்தால் தேவைக்கு மேல் சூடு விழும்.

அதிலும் நிற்கவில்லை என்றால் தாளின் திசையை மாற்றுங்கள். ஏ4 காப்பியர் தாளில் நார் பெரும்பாலும் 297 மி.மீ. நீளவாக்கில் ஓடும். தாள் நாருக்குக் குறுக்கேதான் விரிந்து சுருங்கும், அதனால் நீள ஓரங்கள்தான் தூக்கும். நீளப் பக்கம் முன்னால் போகும்படி ஓட்டினால் தூக்கும் அந்த ஓரமே முன் ஓரமாகவும் பின் ஓரமாகவும் அமைந்துவிடுகிறது. குறுகிய பக்கம் முன்னால் போகும்படி வைத்தால் தூக்கும் ஓரங்கள் பக்கவாட்டுக்குப் போய்விடும். வேகம் குறையும், பின் விழும் மூலையையும் திரையில் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். கெடு நெருங்கும்போது நின்று நின்று ஓடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

முத்துநகர்:

சார், குனிந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே ட்ரே அடியில் நிற்கிறது, தாளின் பின் ஓரம் வாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தாள் போடும் இரண்டாவது ட்ரே "தடித்த தாள் 1" என்று இருந்தது, முன்பு அதில்தான் லெட்டர்ஹெட் தாள் போடுவார்கள். சாதாரணத் தாளுக்கு மாற்றி, புது ரீம் போட்டோம். வளைவு நன்றாகக் குறைந்தது. நிறைந்தது என்ற செய்தி இப்போது வரவே இல்லை. இதற்கே பெரிய நன்றி.

ஆனால் செட்டுக்குள் துருத்துவது முழுதாகப் போகவில்லை. ஒவ்வொரு செட்டிலும் கடைசி இரண்டு மூன்று தாள் மட்டும் பின் அடிக்கும் ஓரத்துக்கு வந்து சேராமல் 3, 4 மி.மீ. தள்ளி நிற்கிறது.

சென்சார்_சிவன்:

இது ஜாகர் பிரச்சினை. அதன் மோட்டார் அல்லது பெல்ட்.

ரோலர்:

ஜாகர் இல்லை. ஜாகர் என்பது இரண்டு பக்கமும் நின்று தட்டித் தட்டி அகலத்தைச் சீராக்கும் தகடுகள். அதில் கோளாறு என்றால் பக்கவாட்டில் துருத்தும். முத்துநகர் முதலிலேயே பக்கவாட்டில் சீர் என்று சொல்லிவிட்டார்.

ஓடும் திசையில் சீராக்குவது பேடில். பின் அடிக்கும் முன் தாள்கள் சேரும் உள் தட்டு சரிவாக இருக்கும், அதன் அடியில் ஒரு தடுப்பு. ஒவ்வொரு தாளும் விழுந்தவுடன் ரப்பர் இதழ்கள் கொண்ட ஒரு தண்டு சுற்றி, தாளைப் பின்னால் இழுத்துத் தடுப்பில் முட்ட வைக்கும். அந்த ரப்பரில் காகிதத் தூசி படிந்தாலோ, நாள்பட்டு வழுவழுப்பாகிவிட்டாலோ பிடிப்பு போய்விடும். செட் தடிமனாக ஆக இழுப்பு பற்றாது, அதனால்தான் கடைசித் தாள்கள் மட்டும் நிற்கின்றன.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். ஃபினிஷரின் மேல் மூடியைத் திறந்தால் இதழ்கள் தெரியும். நூல் பிரியாத துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து ஒவ்வோர் இதழையும் இரண்டு பக்கமும் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். தடுப்பின் மூலையில் உடைந்த ஸ்டேப்பிள் பின்னோ காகிதத் துண்டோ கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு துண்டு கிடந்தாலும் தாள் அங்கே முட்டாது. காய்ந்தபின் மூடுங்கள். பின் அடிக்கும் பகுதிக்குள் விரலை விட வேண்டாம்.

துடைத்தும் சில நாளில் பழையபடி ஆனால் பேடில் மாற்ற வேண்டியதுதான். இன்ஜினியரிடம் "அடுக்கவில்லை" என்று மட்டும் சொல்லாமல் "ஓடும் திசையில், கடைசித் தாள்கள், பின் அடிக்கும் ஓரத்தில்" என்று சொல்லுங்கள். பாகத்தைக் கையோடு கொண்டுவருவார்.

முத்துநகர்:

துடைத்தோம். துணி முழுக்கச் சாம்பல் நிறம். இருபது தாள் செட் இப்போது சீராக வருகிறது, நாற்பதைத் தாண்டினால் மட்டும் கடைசித் தாள் லேசாக நிற்கிறது. நீங்கள் சொன்ன வார்த்தைகளிலேயே புகார் கொடுத்துவிட்டேன். பேடில் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம். இரண்டு தாள் செட் நிறைய எடுத்தால் அடுக்கு ஒரு மூலைக்குச் சாய்ந்து சரிகிறது. அதுவும் பேடிலா?

ரோலர்:

இல்லை, அது கோளாறே இல்லை. எல்லாச் செட்டிலும் பின் ஒரே மூலையில் விழுவதால் அந்த மூலை மட்டும் உயர்கிறது. தாள் குறைந்த செட்டில் தாளைவிடப் பின்னின் தடிமன்தான் ஏறும். கையேட்டில் போட்டிருக்கும் ட்ரே கொள்ளளவு பின் அடிக்காத, சமமான தாளுக்கு. சின்னச் செட் என்றால் வேலையைச் சிறு சிறு பகுதியாக அனுப்பி, ஒவ்வொரு பகுதிக்கும் ட்ரேயைக் காலி செய்யுங்கள். ட்ரே ஏறி இறங்கும்போது தாளைப் பிடித்து இழுக்காமல், நின்றபின் எடுங்கள்.

காகிதக்கடை:

ஏ4-ஐவிட நீளமான லீகல் தாளையும் ஏ4-ஐயும் ஒரே ட்ரேயில் மாற்றி மாற்றி விழவிட்டாலும் இப்படித்தான் சரியும். லீகல் வேலையைத் தனியாக ஓட்டிவிடுங்கள்.

முத்துநகர்:

சரி சார், நாளைக்கு லீகல் எல்லாவற்றையும் காலையில் முதலில் முடித்துவிடுகிறோம். இருவருக்கும் நன்றி.